டிரம்மில் போட்ட கண்ணாடி

கண்ணாடிச் சில்லுகளை வயலுக்கு அனுப்பியவன் நான். அந்தப் பழியைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் வைத்தவனும் நான்தான். அவள் போட்டதாக நான் சொன்னது பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

இதை எழுத நான்கு முறை உட்கார்ந்து நான்கு முறையும் எழுந்துவிட்டேன். ஒரு முறை தண்ணீர் குடிக்கப் போனேன். ஒரு முறை சாத்தியிருந்த கேட்டைச் சாத்தப் போனேன். அந்தக் காலத்து நிலைமை, மேலதிகாரிகளின் நெருக்கடி, என் வயது என்று முன்னுரையாக எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவை எல்லாம் நான் தப்பித்து ஓடப் போட்ட சந்துகள். ஆகவே சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த நேரம். அரியலூருக்கும் திருமானூருக்கும் நடுவே ஒரு டவுன் பஞ்சாயத்து. குற்றம் என்னுடையது, அதை ஊரோடு சேர்த்துக் கட்ட விருப்பமில்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை. நான் அங்கே சானிட்டரி இன்ஸ்பெக்டர். வயது முப்பது. கல்லூரிப் படிப்பும் சுகாதாரப் பயிற்சியும் முடித்தவன். கொசுவைப் பற்றியும் காலராவைப் பற்றியும் ஆங்கிலப் புத்தகங்களில் படித்திருந்தேன். குப்பையைப் பற்றி எனக்குச் சொல்லித்தர அந்த ஊரில் ஆள் இல்லை என்று நம்பினேன்.

ஊர்க்குப்பை அப்போது பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகக் கூடியதுதான். சாம்பல், சாணம், வைக்கோல், வாழை இலை, காய்கறித் தோல். துப்புரவுத் தொழிலாளர்கள் அதை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த உரக்கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நீளமான குழிகள். ஓர் அடுக்கு குப்பை, ஓர் அடுக்கு மண் என்று நிரப்பி மூடிவிட்டால் சில மாதங்களில் கறுப்பு உரமாகிவிடும். ஆவணியில் குழியைத் திறப்போம். சுற்றுவட்டார விவசாயிகள் மாட்டு வண்டி கட்டி வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். சம்பா நடவுக்கு முன்னால் வயலில் இறைப்பார்கள்.

அந்த உரத்தில் கண்ணாடி இருந்ததில்லை. ஏன் இல்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

காரணம் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஊருக்கு அவள் வெங்காயக்காரி. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸின் மேல் ஏறி வரும் சின்ன வெங்காய மூட்டைகளில் கடைக்காரர்கள் கழித்துப்போடும் பொடி வெங்காயத்தைக் கூடையில் வாங்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவாள். "பழைய பாட்டிலு, ஒடஞ்ச கண்ணாடி, இரும்பு, தகரத்துக்கு வெங்காயம்!" அவள் வருவாள் என்பதற்காகவே வீட்டுக்கு வீடு கொல்லையில் ஓர் உடைந்த பானை இருந்தது. லாந்தர் சிம்னி உடைந்தாலும், மருந்து பாட்டில் தீர்ந்தாலும், கண்ணாடி வளையல் நொறுங்கினாலும் அந்தப் பானைக்குள் போகும். கண்ணாடியைத் தெருவில் எறிகிறவர் இல்லை. எறிந்தால் வெங்காயம் போய்விடும்.

பேரம் நடப்பதைக் கேட்டிருக்கிறேன்.

"ஒரு சிம்னிக்கு ஒரு கை வெங்காயம்தானா? அநியாயமா இருக்கே?"

"ஒடஞ்ச சிம்னிதானேம்மா? முழுசா இருந்தா எனக்குத் தருவீங்களா?"

வீடுகளில் தப்பி வண்டியில் வருவதையும் அவள் விடமாட்டாள். மதியம் உரக்கிடங்கு வாசலில் உட்கார்ந்து, வளைத்த கம்பியால் வண்டிக் குப்பையைக் கிளறி, கண்ணாடியையும் ஆணியையும் தனியே எடுத்துச் சாக்கில் கட்டுவாள். சாக்கு திருச்சிக்குப் போகும். பஞ்சாயத்தின் எந்தக் கோப்பிலும் அவள் இல்லை. அவள் கம்பியால்தான் எங்கள் உரம் சுத்தமாக இருந்தது.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் எங்கள் கடைத்தெருவில் நின்றுதான் போகும். அந்த ஆண்டு கூட்டம் அதிகம். இட்லிப் பொட்டலத்து இலை, காகிதம், சோடா பாட்டிலின் உடைசல், பழத்தோல் என்று கடைத்தெரு ஒரு வாரம் கால் வைக்க முடியாமல் கிடந்தது. இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று நான் சொன்னதும் ஊர் என்னோடு வந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன். கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் மன்றத்துப் பையன்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்குமாறோடு இறங்கினார்கள். ரோடு போட்டு முடித்த இடத்திலிருந்து காலித் தார் டிரம்களைக் கேட்டு வாங்கினோம். பச்சை வர்ணம் அடித்து, 'குப்பையை இங்கே போடவும்' என்று வெள்ளையில் எழுதித் தெருவுக்கு இரண்டாக வைத்தோம். இரண்டே மாதத்தில் ஊர் துடைத்துவிட்டாற்போல் ஆனது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து மெச்சினார்கள். நான் நடந்து போனால் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

எனக்கு அது போதவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "கொல்லையில பானை வச்சு ஒடசல் சேக்காதீங்க. தேள் வரும், தண்ணி நின்னு கொசு வரும். எல்லாத்தையும் டிரம்முல போட்டுடுங்க." பேன்ட் போட்ட, படித்த ஆள் சொல்கிறான் என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பானைகள் காலியாயின. கண்ணாடி டிரம்முக்கு வந்தது.

வெங்காயக்காரியும் டிரம்முக்கு வந்தாள்.

கடைத்தெரு டிரம் ஒன்றைக் கவிழ்த்து, சாக்கு விரித்து, கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். டீக்கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"யாரு உன்ன இதக் கவுக்கச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலீங்க சார். உள்ள கண்ணாடி கெடக்குது. மாடு வாய வச்சா அறுத்துடுமுங்க."

"மாட்டப் பத்தி நீ கவலப்படாத. சுத்தம் பண்ணி வச்ச தெருவ நாறடிக்கிறியே."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அது கெளறிட்டுத் திரும்ப வழிச்சு அள்ளிப் போட்டுடும் சார். எங்க வூட்டு ஆளு கூட இப்படிப் பெருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைத்தான் சுட்டது. இனி டிரம்மைத் தொடக் கூடாது, உரக்கிடங்குப் பக்கமும் வரக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி பார்வைக்கு வருவதாக இருந்தது. கந்தல் சேலையில் ஒரு பெண் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தால் என் பெயர் கெடும் என்பதுதான் என் மனத்தில் இருந்தது.

துப்புரவு மேஸ்திரி அன்று சாயங்காலம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை ஒருமையில்தான் கூப்பிடுவேன்.

"சார், ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லு."

"அந்தம்மா வரலன்னா கண்ணாடிய யாருங்க எடுக்கறது?"

"குழியில போட்டு மூடிடு. எல்லாம் மக்கிடும்."

"கண்ணாடி மக்குமுங்களா சார்?"

மக்காது என்று எனக்குத் தெரியாதா? "சொன்னதச் செய்யி" என்றேன்.

அதிகாரி வந்தார். மூடிய குழிகளையும் பச்சை டிரம்களையும் பார்த்தார். என் தோளில் தட்டினார். போனார்.

புரட்டாசியில் ஒரு காலை. ஆபீஸ் வாசலில் சத்தம். பத்துப் பன்னிரண்டு நடவுப் பெண்கள், முழங்கால் வரை சேறு. ஒருத்தி கையில் முறம். முறம் நிறையக் கண்ணாடி. பாட்டில் மூக்கு, சிம்னித் துண்டு, குண்டு பல்பின் ஓடு, சோடா பாட்டிலின் பச்சைச் சில். பின்னால் ஒரு கட்டை வண்டி. அதில் ஒரு பெண் கிழிந்த சேலைத்துணியால் பாதத்தைச் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். துணியில் சேறு எது, இரத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நாற்று நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்ந்தபடிதான் நடுவார்கள். கண்ணும் கையும் முன்னால் நாற்றில் இருக்கும். கால் பின்னால் போகும். கால் போகும் இடத்தைக் கண் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கலங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன தெரியும்? அவள் குதிகாலை முழு எடையோடு ஊன்றியிருக்கிறாள். வலியில் காலை இழுத்து வைத்த இடத்தில் இன்னொன்று விரல்களுக்கு அடியில் இருந்திருக்கிறது.

"இது என்னாங்க சார்?" என்று முறக்காரி கேட்டாள். "உரமா, கண்ணாடிக் கடையா?"

"சாரு ஊரச் சுத்தம் பண்ணிட்டாருல்ல? எல்லாத்தையும் கூட்டி எங்க வயல்ல கொட்டிட்டாரு."

"அட, என் புருஷன் கைக்கு வளையலு வாங்கித் தரலன்னு சாரு காலுக்கு வாங்கித் தராருடி!"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம்தான் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வெளியே வந்தார். செயல் அலுவலர் வந்தார். வயல்காரர் ஒருவர், "உரத்துல கண்ணாடி எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கிடங்குல ஒரு பொம்பள கண்ணாடி பொறுக்கிட்டிருந்தா" என்றேன். "வெல போவாத ஒடசலையெல்லாம் குழிக்குள்ள தள்ளிட்டுப் போயிருக்கா. அது தெரிஞ்சுதான் அவள அங்கேர்ந்து வெரட்டினேன்."

வாய் தடுமாறவில்லை. அவளை விரட்டியதையே என் கடமை உணர்வாக மாற்றிக் காட்டும் பொய் அது. அவ்வளவு பொருத்தமாக எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவள் ஊர்க்கோடியில் கூலிக்காரர் தெருவில் குடியிருப்பவள். என் சொல்லுக்கு எதிராக அவள் சொல் நிற்காது. அந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

"யாரு, வெங்காயக்காரியா?" என்றாள் முறக்காரி.

வண்டியில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். "அக்காவா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பிறகுதான் மேஸ்திரி சொன்னார். அவள் வெங்காயக்காரியின் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிய இருவர். பதினாறு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிறவர்கள்.

புண் சீழ் பிடித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தாள். இரண்டு விரல்கள் போயின. அதன்பின் அவளால் சேற்றில் நிலையாக நிற்க முடியவில்லை.

வெங்காயக்காரிக்குத் தெருக்கள் மூடிக்கொண்டன. அவள் குரல் கேட்டதும் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். "உன் வெங்காயமும் வேணாம், நீயும் வேணாம்" என்று ஒரு வீட்டில் சொன்னதை என் காதால் கேட்டேன். அவள் தெருவிலேயே நடவுக்குக் கூப்பிடும்போது அவளை மட்டும் விட்டுவிட்டார்கள். ஊர் அவளை நம்பாததைக் கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். ஓரகத்தி முகம் கொடுத்துப் பேசாமல் போனதுதான் அவளை அடித்துப்போட்டது என்று மேஸ்திரி சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு நாள் அவள் ஆபீசுக்கு வந்தாள். படியேறவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"சார், நான் கண்ணாடியக் குழியில தள்ளுனத நீங்க பாத்தீங்களா?"

"போம்மா. வேல இருக்கு."

"கண்ணாடிதானுங்களே எனக்குச் சோறு. சோத்த யாராச்சும் குழியில தள்ளுவாங்களா? பாத்தீங்களான்னுதான் கேக்கறேன்."

நான் கோப்பைத் திறந்து குனிந்துகொண்டேன். நெடுநேரம் நின்றாள். நிமிர்ந்தபோது இல்லை.

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. விடியற்காலையில் தெருவில் நடப்பேன். கண் தரையிலேயே இருக்கும். ஏதாவது மின்னினால் குனிந்து எடுப்பேன். பாதி நேரம் அது தண்ணீர்த் துளி. சட்டைப் பையில் சில்லுகளைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்படியே துவைக்கப் போட்டதில் என் மனைவியின் விரலில் வெட்டுப்பட்டது. "பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

கிடங்குக்குப் போய் மீதிக் குழிகளைத் திறக்கச் சொல்லி, ஜல்லி சலிக்கும் சல்லடையை நிறுத்தி வைத்துச் சலித்தேன். கை முழுக்க வெட்டு. மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "இத நீங்க சலிச்சு எப்ப முடிக்கறதுங்க?" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் சலித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் பஸ் ஏறிப் பெரம்பலூர் போவேன். ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடிப்பேன். வெங்காய மூட்டைகளை ஏற்றுகிற இடத்தைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மூன்று முறை அவள் தெருவுக்குப் புறப்பட்டேன். முதல் முறை குழாயடி வரை போனேன். இரண்டாம் முறை தெருமுனை. மூன்றாம் முறை அவள் வாசலுக்கே போய்விட்டேன். அவள் எட்டிப் பார்த்ததும், "மேஸ்திரி வீடு எது?" என்று கேட்டேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். மேஸ்திரியின் வீட்டுக்கும் போய், அங்கே சொல்ல ஒன்றுமில்லாமல், நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஆவணியில் ஒரு வண்டி கூட உரத்துக்கு வரவில்லை. குழிகள் நிறைந்து கிடந்தன. புதுக் குப்பை கொட்ட இடமில்லாமல் டிரம்கள் வழிந்தன. தெரு பழையபடி ஆகத் தொடங்கியது. தலைவர் பஞ்சாயத்தைக் கூட்டினார். விவசாயிகளும் வந்தார்கள். நடவுப் பெண்கள் வராந்தாவில் நின்றார்கள்.

"போன வருஷம் பண்ணவ மேல நாம எதுவும் நடவடிக்க எடுக்கல. அதான் யாருக்கும் நம்பிக்க வரல" என்றார் தலைவர். "ஸ்டேசன்ல ஒரு புகார் குடுத்துருவோம். சானிட்டரி சார் கையெழுத்துப் போட்டாப் போதும்."

புகார் தயாராக எழுதப்பட்டிருந்தது. கிளார்க் அதை என் முன்னால் நகர்த்தினார். என் வார்த்தைகள்தான் அதில் இருந்தன. நான் சொன்னதைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எழுந்து நின்றேன். "அந்தம்மா எதையும் போடல" என்றேன். "கண்ணாடி டிரம்முலேர்ந்து வந்துது. டிரம்முல போடச் சொன்னவன் நான். அது பொறுக்கிக்கிட்டிருந்ததத் தடுத்தவன் நான். போன வருஷம் நான் சொன்னது பொய்."

தலைவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார். வெயில்ல அலைஞ்சுட்டு வந்திருக்கீங்க. யாருப்பா, சாருக்கு ஒரு சோடா சொல்லு."

நான் உட்காரவில்லை. வாசலில் நின்ற மேஸ்திரி, "சார் சொல்றது நெசமுங்க" என்றார். அவருக்கு அதைச் சொல்ல ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மௌனமும் என்னால் வந்ததுதான்.

வராந்தாவிலிருந்து முறக்காரியின் குரல் வந்தது: "இத அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா உங்களோட ஒரு சண்டையோட முடிஞ்சிருக்கும். அவ பொழப்பும் ஒறவும் போயிருக்காது."

அன்றே வெங்காயக்காரியின் வாசலுக்குப் போனேன். இந்த முறை மேஸ்திரி வீட்டைக் கேட்கவில்லை. அவள் பழைய சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. மன்னிக்கச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? வூடு வூடாப் போயி டிரம்முல போடச் சொன்னது நீங்கதான? வூடு வூடா வந்து, போடாதீங்க, இவகிட்டக் குடுங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"மைக்கு கட்டிக்கிட்டு இல்ல. என்கூட நடந்து வந்து."

மறுநாள் காலை அவள் கூடையோடு முன்னால் போனாள். நான் இரண்டடி பின்னால் போனேன். அவள் வழக்கம்போல் கூவினாள். அதன்பின் நான் சொல்ல வேண்டும். முதல் தெருவில் எனக்குக் குரலே எழும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். நான் வெங்காயம்னா கொல்ல வரைக்கும் கேக்குது. நீங்க கண்ணாடின்னா எனக்கே கேக்கல."

"ஒடஞ்ச கண்ணாடிய டிரம்முல போடாதீங்க!" என்று கத்தினேன். "தனியா வச்சு இந்தம்மாகிட்டக் குடுங்க! போன வருஷம் இது மேல சொன்னது பொய்!"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், ப்ரமோஷனா?"

ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார். "பான வச்சாத் தேளு வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னது தப்பும்மா. மூடி போட்ட தகர டின்னுல வைங்க."

"அப்ப ஒடச்சுப் போட்ட என் பானைக்கு யாரு பதில் சொல்றது?"

வெங்காயக்காரி குனிந்து, ஒரு கை வெங்காயத்தை அள்ளி அந்த அம்மாளின் முந்தானையில் போட்டாள். "சாருக்காக நான் சொல்லிட்டேன், வைங்க" என்றாள். அவள் எனக்காக ஏதோ செய்தாள் என்பதில் எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

இப்படிப் பத்து நாள் நடந்தோம். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டிரம்களின் எழுத்தை அழித்து, 'கண்ணாடி, தகரம் போடக் கூடாது' என்று எழுதினோம். வாலிபர் மன்றத்துப் பையன்கள் முறை வைத்துக் கிடங்கில் சலித்தார்கள். உரத்தை எடுக்கும் முன் நடவுப் பெண்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். உரம் இறைத்துத் தண்ணீர் கட்டிய வயலில் முதலில் நான் வெறுங்காலோடு நடக்க வேண்டும், அதுவும் பின்னோக்கி. நடந்தேன். வரப்பில் நின்று, "குதிகால நல்லா ஊனுங்க சார், மெதுவாத் தொடாதீங்க" என்று முறக்காரி அதட்டினாள். காலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர்கள் இறங்கினார்கள்.

நாங்கள் தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்தபோதே எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மாற்றல் வரும் என்றும் தெரிந்தது. அதற்குள் எல்லாவற்றையும் நேராக்கிவிட வேண்டும் என்ற அவசரம் என்னைப் பிடித்துக்கொண்டது. பொய் சொன்னபோது இருந்த அதே அவசரம்தான் அது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

கடைசித் தெருவுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் நான் ஓரகத்தியின் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நடந்தது எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை அவளிடம் சொன்னேன். உன் அக்கா மேல் தப்பே இல்லை, நீ பேசாமல் இருப்பதுதான் அதற்குப் பெரிய வேதனை, போய்ப் பேசு என்றேன். அவள் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க சார். நாளைக்கிப் பேசிடறேன்" என்றாள். என் மேல் இருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் வீட்டுக்கு வந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் கடைசித் தெருமுனையில் வெங்காயக்காரியிடம் அதைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன்.

அவள் கூடையைக் கீழே இறக்கினாள்.

"அவகிட்ட ஏன் போனீங்க?"

"உண்மை அதுக்கும் தெரியணும்ல?"

"பஞ்சாயத்துல நீங்க சொன்னது ஊருக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வரல. வர வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தா. நானும் கூப்புடல. அவளா வரட்டும்னுதான் இருந்தேன்."

"இப்பவும் வருவாளே. நாளைக்கிப் பேசறேன்னு சொன்னாளே."

"வருவா. சாரு வூட்டுக்கு வந்து சொல்லிட்டாருன்னு வருவா." சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். "பதினாறு வருஷம் சார். அவ பெத்த ரெண்டு புள்ளைக்கும் நான்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். நான் அப்படிப் பண்ண மாட்டேன்னு அவளுக்கே தோணணும். தோணி, எழுந்து வந்து, அக்கான்னு கூப்புடணும். அது பத்து நாள்ல வந்திருக்கும், இல்ல பத்து வருஷத்துல வந்திருக்கும். வராமலே கூடப் போயிருக்கும். இனிமே அவ தானா வந்திருப்பாளான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். அவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கூடையத் தூக்கி விடுங்க."

தூக்கி விட்டேன்.

"இந்தத் தெருவ நானே பாத்துக்கறேன். நீங்க ஆபீசுக்குப் போங்க."

அவள் போனாள். அவள் குரல் தெருவின் மறுகோடி வரை கேட்டது. பதிலுக்கு ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி சிரித்த முகத்தோடு என் மேஜைக்கு வந்தார். ஓரகத்தி வந்தாளாம். சுவரைச் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, வாசலில் நின்று அக்கா என்று கூப்பிட்டாளாம். உள்ளே வா என்றாளாம் மூத்தவள். சோறு போட்டாளாம்.

"எல்லாம் சரியாயிடுச்சுங்க சார்" என்றார்.

"சரிங்க மேஸ்திரி" என்றேன். உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலிடம் போய் நின்றேன்.